இழுத்தால் ஓடும், தள்ளினால் நிற்கும்: ஆர்.கே.பேட்டை கரும்பாலைக்குப் போய் வந்த கதை

இது கோயில் குளம் பார்த்த பயணம் இல்லை. திருத்தணி வரை போயும் மலையேறவில்லை. முருகன் முகத்தில் விழிக்கிற யோக்கியதை எனக்கு அப்போது இல்லை. போனது போன மாசி மாதம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில். அனுப்பியது என் கம்பெனி. கம்பெனி பெயர் வேண்டாம். பட்டணத்தில் இரும்புச் சாமான் செய்கிற இடம், நான் அங்கே படம் போடுகிறவன். மிஷின் எப்படி இருக்க வேண்டும் என்று காகிதத்தில் கோடு கிழிப்பேன், பட்டறையில் அதைப் பார்த்துச் செய்வார்கள்.

எங்கள் கம்பெனி மாடு பூட்டாமல் ஆயில் இஞ்சினில் ஓடுகிற கரும்பாலை ஒன்றைப் புதிதாகச் செய்து விற்றது. முதல் வருஷம் இரண்டுதான் போயின. ஒன்று ஆர்.கே.பேட்டைக்கு மூன்று மைலில் ஒரு கிராமத்துக்கு, இன்னொன்று கும்மிடிப்பூண்டிப் பக்கம். தை மாதம் ஆர்.கே.பேட்டை ஆலையில் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்த கன்னியம்மா என்கிற பெண்ணின் வலது கை சாறு பிழியும் உருளைக்குள் போய்விட்டது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்போது ஆலையை நிறுத்தும் லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவள் புருஷன் கோவிந்தன். அவன் நிறுத்தவில்லை.

எங்கள் மானேஜர் இங்கிலீஷ் பத்திரிகை படிக்கிறவர். வெளிதேசத்தில் ஆகாய விமானம் ஓட்டுகிறவர்கள் ஏன் கைப்பிடியை மாற்றி இழுக்கிறார்கள் என்று ஆராய்கிறார்களாம், மனுஷனும் மிஷினும் எப்படி ஒத்துப்போகின்றன என்பதே இப்போது தனிப் படிப்பாம். "நாமும் ஒரு ஆராய்ச்சி செய்வோம்" என்று கையில் கேள்விகள் அச்சடித்த பாரம் ஒன்றைக் கொடுத்தார். குடிப்பழக்கம் உண்டா, எழுதப் படிக்கத் தெரியுமா, முன்கோபியா, தூங்கினானா. பதினாறு கேள்வி. பதினாறும் மனுஷனைப் பற்றித்தான். மிஷினைப் பற்றி ஒன்று கூட இல்லை. எனக்கு அது அப்போது உறைக்கவும் இல்லை என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

போகிறவர்களுக்காக வழியைச் சொல்லிவிடுகிறேன். சென்ட்ரலில் காலை ஆறேகாலுக்குப் பாசஞ்சர். திருவள்ளூர் இருபத்தாறு மைல், மூன்றாம் வகுப்பு பதினோரு அணா. எட்டு மணிக்கு இறங்கி நாஷ்டா முடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் வாய்க்கு ருசியாக ஒன்றும் கிடைக்காது. தாலுக்கா கச்சேரிப் பக்கத்திலிருந்து ஒன்பது மணிக்குத் திருத்தணி பஸ், ஒரு ரூபாய் மூன்று அணா. திருத்தணி இப்போது ஆந்திராவில். போர்டெல்லாம் தெலுங்கு, சண்டையெல்லாம் தமிழ். அங்கே இறங்கி ஒரு மணி நேரம் வெயிலில் காய்ந்தால் பொதட்டூர்பேட்டை பஸ் வரும். பொதட்டூர்பேட்டையிலிருந்து ஆர்.கே.பேட்டை எட்டு மைல், கிராமம் அதற்கு மூன்று மைல் இப்புறம், மாட்டு வண்டிதான். வண்டிக்காரர் ஒரு ரூபாய் கேட்டார். பேரம் பேசினேன்.

"இன்னா சார், கம்பெனி டப்பு தானே, ஒன் ஊட்டு டப்பா?" என்றார். டப்பு என்றால் அங்கே காசு.

வாயை மூடிக்கொண்டு ஏறினேன். அரை மைல் போனதும் அவரே ஆரம்பித்தார். "ஆலைக்கா போற? அந்தக் கைய எடுத்த ஆலைக்கா? அவன் சும்மா வுடல சார். வேணும்னே செஞ்சான். பொண்டாட்டியே சொல்லுதே."

கிராமத்துக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி. ஆலைச் சொந்தக்காரர் நாயுடு, அறுபது வயது, நல்ல மனுஷர்தான். மோர் கொடுத்து உட்காரவைத்து அவரும் அதையே சொன்னார். அன்று காலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. அவள் அண்ணன் குழந்தைக்குக் காது குத்து, போக வேண்டும் என்றாள். கரும்பு காய்கிறது, போகாதே என்றான் அவன். சண்டையோடு சண்டையாக இருவரும் வேலைக்கு வந்தார்கள். பதினோரு மணிக்குக் கை போனது. கொப்பரையில் சாறு காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் அலறல் கேட்டுத் திரும்பினால், கோவிந்தன் லீவரைப் பிடித்துத் தொங்குகிறான். இஞ்சின் இருபது கெஜம் தள்ளிக் கொட்டகைக்குள். இஞ்சின்காரன் ஓடிப் போய் எண்ணெயை அடைத்து நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"கன்னியம்மா பார்த்தாளாம் நைனா. அவன் பல்லைக் கடிச்சிக்கினு லீவரை இழுத்தானாம். இழுத்தா ஓடும்ன்றது அவளுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். நீங்கதானே சொல்லிக் குடுத்துட்டுப் போனீங்க?" என்றார் நாயுடு. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேராகப் பொதட்டூர்பேட்டையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கொலைகாரன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது.

கோவிந்தனைக் கூப்பிட்டு விட்டார்கள். முப்பது வயசு இருக்கும். ஒல்லி, இடது புருவத்தில் தழும்பு. நான் பாரத்தை எடுத்ததும் கைகட்டி நின்றான். குடிப்பியா? "இல்ல சார்." தூங்கினியா? "தூங்கினேன் சார்." முன்கோபியா? அவனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "அன்னைக்குக் காலைல கோவிச்சிக்கினேன் சார்" என்றான். நானும் அதை அப்படியே எழுதிக்கொண்டேன், பாவி.

"லீவரை இழுத்தியா?"

"இழுத்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா நிறுத்தத்தான் சார் இழுத்தேன்."

"நிறுத்த இழுக்கக் கூடாதே. தள்ள வேண்டும் என்று உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். நாள் பூரா தள்ளித்தான் நிறுத்துவேன். அன்னைக்கு அவ கத்தினா பாருங்க, கையி தானா இழுத்துடுச்சி. நிக்கல. நிக்கலியேன்னு இன்னும் இழுத்தேன். யாரும் நம்ப மாட்றாங்க. எனக்கே சில நேரம் நம்ப முடியல."

அன்று ராத்திரி நாயுடு வீட்டில் படுத்தேன், தூக்கம் பிடிக்கவில்லை. "கையி தானா இழுத்துடுச்சி" என்று அவன் சொன்னதுதான் காதில் நின்றது. பொய் சொல்கிறவன் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பான்.

மறுநாள் காலை கோவிந்தனையே கேட்டேன், இதற்கு முன்னால் என்ன வேலை செய்தாய் என்று. கவலை ஓட்டினானாம். பத்து வயதிலிருந்து கிணற்று மேட்டில் ஜோடி மாட்டை ஓட்டித் தண்ணீர் இறைத்தவன். அப்புறம் வண்டி. மாட்டை எப்படி நிறுத்துவாய் என்றேன். இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்து, இல்லாத கயிற்றைத் தன் நெஞ்சுப் பக்கம் இழுத்துக் காட்டினான்.

நான் பாரத்தை மடித்துப் பையில் வைத்தேன். நாயுடுவிடம், ஊரில் யார் யார் சும்மா இருக்கிறார்கள், வரச் சொல்லுங்கள் என்றேன். பதினோரு பேர் வந்தார்கள். இஞ்சினை ஓட்டவில்லை, பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, இழுத்தால் ஓடும், தள்ளினால் நிற்கும் என்று சொல்லிக் கொடுத்து, நாலு தடவை செய்து பார்க்கச் சொன்னேன். எல்லோரும் சரியாகச் செய்தார்கள். அப்புறம் லீவரை ஓடுகிற பக்கத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, நான் பின்னால் போய் ஒரு காலித் தகர டின்னைத் தடியால் படாரென்று அடித்து "ஐயோ, கையி! கையி!" என்று கத்தினேன்.

ஒன்பது பேர் இழுத்தார்கள். ஒருத்தர் லீவரை விட்டுவிட்டு ஓடியே போய்விட்டார். ஒரே ஒருத்தர் தள்ளினார், அவர் ஊர் டெய்லர். ஜன்மத்தில் மாட்டுக் கயிறு பிடித்ததில்லையாம். கடைசியில் நாயுடுவே, "இன்னாயா பேஜாரு பண்றீங்க, தள்ளத் தெரியாதா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். டின்னை அடித்தேன். அவர் இழுத்த இழுப்பில் கை வழுக்கி மல்லாக்க விழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள். கோவிந்தன் மட்டும் சிரிக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அந்த லீவரை யார் அப்படி வைத்தது? நான்தான். பட்டணத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, அப்படி வைத்தால் ஒரு இணைப்புக் கம்பி மிச்சமாகும், படமும் பார்க்க அழகாக இருக்கும் என்று போட்டேன். அதைப் பிடிக்கப் போகிறவன் மாடு ஓட்டினவனா, டெய்லரா என்று நான் யாரைக் கேட்டேன்? ஒருத்தரையும் கேட்கவில்லை.

கிளம்பும்போது கோவிந்தன் வண்டி வரைக்கும் வந்தான். "சார், எம்மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க சார். நாயுடுகிட்ட சொன்னாப் போதும். அவர் சொன்னா எம் பொண்டாட்டி கேக்கும்" என்றான். அங்கே எதையும் பேசாதே, கோர்ட்டு கீர்ட்டு என்று போய்விடும் என்று மானேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். "ரிப்போர்ட் எழுதி அனுப்புகிறேன்" என்றேன். அவன் கும்பிட்டான். நானும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினேன்.

வியாழக்கிழமை கும்மிடிப்பூண்டி. சென்ட்ரலிலிருந்து இருபத்தொன்பது மைல், பன்னிரண்டு அணா. காலை ஏழு மணி வண்டி, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி எல்லாம் நின்று நின்று ஒன்பதுக்குப் போகும். ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் நடந்தால் காதர் பாயின் கரும்புத் தோட்டம். பழவேற்காட்டுக்காரர், வெல்ல வியாபாரம். அங்கே எங்கள் ஆலை ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. கிட்டே போனதும் பார்த்தேன், லீவரைத் திருப்பி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு துண்டு இரும்பைக் கொடுத்து, இழுத்தால் நிற்கிற மாதிரி.

"மொத நாளே தெரிஞ்சிப் போச்சி தம்பி," என்றார் பாய். "ஒரு ஆடு பெல்ட்டுகிட்ட போச்சி. நம்ம ஆளு லீவர இழுக்கறான், இழுக்கறான், நிக்கவே இல்ல. ஆட்டுக்கு நல்ல காலம், ஓடிப்போச்சி. வண்டி ஓட்டறவன் கையி வேற எப்படிப் போவும்? சாயங்காலமே கொல்லனக் கூப்டேன். பத்தணா கேட்டான்."

இதை ஏன் கம்பெனிக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சொல்லாம? மார்கழிலயே கார்டு போட்டேனே. கைப்பிடி தலைகீழா இருக்குது, கொல்லன வெச்சித் திருப்பிக்கினேன், மத்தவங்களுக்கும் சொல்லிடுங்கன்னு எழுதினேன். யாரும் பதிலே போடல."

எனக்கு அந்தக் கார்டு நினைவுக்கு வந்துவிட்டது. என் மேஜைக்குத்தான் வந்தது. கிராமத்துக் கொல்லன் என் படத்தைத் திருத்துவதா என்று எரிச்சல். ஓரத்தில் "பார்த்தேன்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பைலில் சொருகினேன். அது மார்கழி. கன்னியம்மா கை போனது தை. பாய் இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை, கார்டு வந்ததையும் மறைக்காமல், மூன்று பக்கம் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். மானேஜர் நிதானமாகப் படித்தார். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ கூடத்தை இடிக்கச் சொல்கிறாய்" என்றார். பிறகு பைலை எடுத்துவரச் சொல்லி அந்தக் கார்டை என் முன்னால் போட்டார். "இது வெளியே போனால் முதலில் மாட்டுகிறவன் நீதான். உனக்கு இரண்டு பெண்கள் இல்லையா?" மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டு ஒரே வரி டைப் அடிக்கச் சொன்னார். விபத்துக்குக் காரணம் ஓட்டுபவரின் அஜாக்கிரதை, இயந்திரத்தில் குறை இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை, நானேதான் போட்டேன். மிஷினில் ஒட்ட "கவனமாக வேலை செய்க" என்று ஒரு தகடும் அச்சாயிற்று.

போகலாமா வேண்டாமா என்று ஒன்பது நாள் ஓட்டினேன். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, என் சொந்தக் காசில், அதே பாசஞ்சர், அதே பஸ். பொதட்டூர்பேட்டையில் இறங்கி விசாரித்துக் கன்னியம்மாவின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு வந்து நின்றாள். சின்னப் பெண், இருபத்தைந்து கூட இருக்காது. ஒன்று விடாமல் சொன்னேன். பதினோரு பேர், நாயுடு மல்லாக்க விழுந்தது, கார்டு, ரிப்போர்ட், என் கையெழுத்து.

அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். அப்புறம், "பல்லக் கடிச்சிக்கினு இழுத்தாரு சார். என் கண்ணு முன்னால. எனக்குத் தெரிஞ்சது இழுத்தா ஓடும், அவ்ளோதான். காலைல போட்ட சண்டைக்கு என்ன அதுல தள்ளி அரைக்கறாருன்னு நெனச்சிட்டேன்" என்றாள். "நிறுத்தத்தான் இழுத்தாரா?"

"ஆமாம் அம்மா."

"அப்ப அத எழுதிக் குடுக்காம, அவர் மேல தப்புன்னு ஏன்யா எழுதிக் குடுத்த? இங்க வந்து எங்கிட்ட சொன்னா உன் பாரம் எறங்கிடுமா?"

அவள் அண்ணனிடம் காகிதம் வாங்கி என் முன்னால் போட்டாள். எழுதினேன். லீவர் தப்பு, படம் போட்டவன் நான், கோவிந்தன் மேல் குற்றம் இல்லை. கையெழுத்தும் போட்டேன். அண்ணன் இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டினார். அவள் அதை இடது கையால் வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, "வண்டியக் கட்டு அண்ணா" என்றாள்.

நாலு மணிக்குக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கோவிந்தன் வீட்டுக் கதவு கயிற்றால் கட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். செவ்வாய்க்கிழமை கம்பெனிக் கடிதம் வந்ததாம். நாயுடு ஆலைக் கொட்டகையில் எல்லோரையும் வைத்துப் படிக்கச் சொன்னாராம். கோவிந்தன் நல்ல சேதி என்று முன்னால் போய் நின்றானாம். புதன்கிழமை காலையில் ஆளைக் காணோம். எந்தப் பக்கம் போனான் என்று தெரியாது.

கன்னியம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கதவில் கட்டியிருந்த கயிற்றைப் பல்லாலும் ஒற்றைக் கையாலும் அவிழ்த்தாள். நான் உதவப் போனேன், "நீ தொடாத" என்றாள். நான் நடந்தே ஆர்.கே.பேட்டைக்கு வந்துவிட்டேன்.

இனி இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு. தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். திருத்தணியில் சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸை விட்டால் மறுநாள்தான். நாயுடுவின் ஆலை இன்னும் ஓடுகிறது, பழைய லீவரோடுதான். எங்கள் ஆலையை எங்கே பார்த்தாலும் அதை ஓட்டுகிறவரிடம், ஆபத்து என்றால் தள்ளு என்று சொல்லாதீர்கள், அது பலிக்காது. கொல்லனைக் கூப்பிட்டு லீவரைத் திருப்பச் சொல்லுங்கள், பத்தணா வேலை. இதை அச்சில் பார்த்ததும் மானேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அனுப்பட்டும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன், இதை எழுதியதே இதற்காகத்தான். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, சோளிங்கர், சித்தூர், எந்தப் பக்கம் போனாலும் கூலி வேலை நடக்கிற இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒல்லியான ஆள், முப்பது வயசு, இடது புருவத்தில் தழும்பு, பெயர் கோவிந்தன். கண்டால் உங்கள் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தப்பு உன் கையில் இல்லை, படம் போட்டவனே எழுதிக் கொடுத்துவிட்டான் என்று சொல்லுங்கள். கன்னியம்மா ஊட்டுக்கு வந்துட்டா, கதவத் தொறந்து வெச்சிக்கினு இருக்கா என்று சொல்லுங்கள்.